காத்திருப்போரின் வாக்கு

(2026 பெப்ரவரியில் கிழக்கு இலண்டனில் தமிழர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



ஒரு சாதாரண வாக்காளர் இந்த நாட்டு அரசியலைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று பேசும்படி கேட்டார்கள். நான் எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை. ஒவ்வொரு தேர்தலிலும் யோசித்துத்தான் வாக்களித்திருக்கிறேன். ஒரே கட்சிக்குத்தான் என்றில்லை. ஆகவே இங்கே சொல்வதெல்லாம் என் சொந்த அபிப்பிராயம். என் முறைப்பாடு என்னவென்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதியோர் பராமரிப்பைச் சீர்செய்வது என்ற, முப்பது வருடமாக எல்லோருக்கும் தெரிந்த ஒரு வேலையை அரசாங்கத்துக்குப் பின் அரசாங்கமாகத் தள்ளிப்போடுகிறார்கள். அப்படித் தள்ளிப்போட்ட எவரும் அதற்காக ஒரு தொகுதியைக்கூட இழந்ததில்லை. இது எப்படி நடக்கிறது என்பதுதான் என் பேச்சு.

நான் நீண்ட காலம் ஒரு மருத்துவமனையில் வேலை செய்தேன். சிகிச்சை முடிந்தவர்களை வீட்டுக்கு அனுப்புவதற்கான ஒழுங்குகளைச் செய்யும் பிரிவு. ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு சின்ன வெள்ளைப் பலகை இருக்கும். நோயாளியின் பெயர், சாப்பாட்டு விபரம், பிசியோ வந்து போன நாள் எல்லாம் அதில் எழுதியிருக்கும். "வீட்டுக்குப் போகலாம்" என்று டாக்டர் சொன்னதும் அதற்கும் ஒரு அடையாளம் இடுவார்கள். எங்கள் ஊர் ஆச்சி ஒருவர். இடுப்பெலும்பு முறிந்து சத்திரசிகிச்சை செய்திருந்தது. பலகையில் அடையாளம் விழுந்துவிட்டது. மருந்துப் பை கட்டி வைத்தாயிற்று, வோக்கரும் கட்டிலருகே வந்துவிட்டது. ஆனால் வீட்டில் அவரைத் தூக்கி எழுப்ப நாளுக்கு நான்கு முறை இரண்டு கேரர்கள் வரவேண்டும். கவுன்சில் ஏஜென்சி ஏஜென்சியாகக் கேட்கிறது, ஆள் இல்லை. மகள் வேலைக்குப் போகிறவர், தனியே தூக்க முடியாது. ஆச்சி காலையில் கோட்டைப் போட்டுக்கொண்டு கதிரையில் இருப்பார். என்னைக் கண்டதும், "இண்டைக்கோ பிள்ளை?" என்று கேட்பார். கட்டிலில் கிடக்கக் கிடக்க வயதானவர்களின் கால் தசை கரையும், நடை போகும், சளி பிடிக்கும். அவருக்கும் நெஞ்சில் சளி கட்டியது. ஒரு நாள் காலை நேர்ஸ் வந்து பலகையிலிருந்த அந்த அடையாளத்தை அழித்துவிட்டார். ஆச்சி மறுபடியும் நோயாளி.

இது அந்த ஒரு வார்ட்டின் கதை அல்ல. அண்மைய குளிர்காலங்களில் ஒரு சராசரி நாளை எடுத்துப் பார்த்தால், வீடு போகத் தகுதியாகியும் போக முடியாமல் இங்கிலாந்து மருத்துவமனைகளில் கிடப்பவர்கள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். அவர்கள் எழும்பாததால் அவசரப் பிரிவில் இருப்பவர் வார்ட்டுக்கு வர முடியாது. அவசரப் பிரிவில் இடமில்லாததால் அம்புலன்ஸ் வாசலில் நிற்கிறது. அம்புலன்ஸ் வாசலில் நிற்பதால் நெஞ்சு வலியோடு 999 அடித்தவர் காத்திருக்கிறார். "என்.எச்.எஸ். சரியில்லை" என்று நாம் சொல்கிற குறைகளில் பாதி, என்.எச்.எஸ்.ஸுக்கு வெளியே ஆரம்பிக்கிறது.

இந்தச் சிக்கலின் வேர் 1948 இல் இருக்கிறது. ஜூலை 5 ஆம் தேதி இரண்டு சட்டங்கள் ஒன்றாக நடைமுறைக்கு வந்தன. ஒன்று அன்றைய சுகாதார அமைச்சர் அனுரின் பெவனின் தேசிய சுகாதார சேவை, அதாவது என்.எச்.எஸ்.: வருத்தக்காரர் யாராக இருந்தாலும் காசில்லாமல் சிகிச்சை. மற்றது தேசிய உதவிச் சட்டம்: முதுமையால் தளர்ந்தவரைப் பராமரிப்பது உள்ளூராட்சியின் வேலை, அதற்கு அவரவர் வசதிக்கேற்பக் கட்டணம். அன்று போட்ட அந்தக் கோட்டை இன்றுவரை ஒருவரும் அழிக்கவில்லை. புற்றுநோய் வந்தால் அரசு பார்க்கும், லட்சக்கணக்கில் செலவானாலும் உங்களிடம் ஒரு சதம் கேட்காது. மறதி நோய் வந்து, சாப்பாடு ஊட்டவும் குளிப்பாட்டவும் ஆள் தேவைப்பட்டால் உங்கள் வங்கிக் கணக்கைப் பார்ப்பார்கள். கையிருப்பு 23,250 பவுணுக்கு மேல் இருந்தால் முழுச் செலவும் உங்களுடையது. கேர் ஹோமுக்குப் போனால், துணைவரோ அறுபது வயது கடந்த உறவினரோ அங்கே வசிக்காத பட்சத்தில், வீட்டின் பெறுமதியும் கணக்கில் சேரும். கேர் ஹோமுக்கு வாரம் ஆயிரம் பவுணுக்கு மேல் என்பது இன்று சாதாரணம். அந்த 23,250 என்ற எல்லை 2010 இலிருந்து அப்படியே நிற்கிறது. பாணின் விலை, பஸ் கட்டணம், வீட்டு வாடகை எல்லாம் ஏறின. இது மட்டும் ஏறவில்லை.

யாருக்கும் தெரியாமல் நடந்தது என்று சொல்ல முடியாது. 1999 இல் சதர்லாந்து பிரபு தலைமையிலான அரச ஆணைக்குழு, உடற்பராமரிப்பு இலவசமாக வேண்டும் என்று பரிந்துரைத்தது. டோனி பிளேயர் அரசு இங்கிலாந்துக்கு அதை ஏற்கவில்லை. 2010 தேர்தலுக்கு முன் தொழிற்கட்சி ஒரு திட்டத்தை யோசித்தது. கன்சர்வேட்டிவ் கட்சி அதை மரண வரி என்று சுவரொட்டி அடித்தது. 2011 இல் பொருளியலாளர் அன்ட்ரூ டில்நொட், ஒருவர் வாழ்நாளில் பராமரிப்புக்குக் கட்டவேண்டிய தொகைக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள், 35,000 பவுண் அளவில் போதும் என்றார். 2014 சட்டத்தின்படி அது 72,000 ஆகி, 2016 இல் தொடங்க இருந்தது. 2015 தேர்தல் முடிந்த கையோடு 2020 க்குத் தள்ளினார்கள், பிறகு கைவிட்டார்கள். 2017 இல் பிரதமர் தெரேசா மே தன் தேர்தல் அறிக்கையில் ஒரு மாற்றுத் திட்டம் வைத்தார். இந்த முறை தொழிற்கட்சி அதற்கு மறதி நோய் வரி என்று பெயர் சூட்டியது, நான்கே நாளில் அவர் பின்வாங்கினார். 2019 இல் பொரிஸ் ஜோன்சன் பிரதமர் இல்ல வாசலில் நின்று இதைத் தீர்ப்பேன் என்றார். 86,000 பவுண் உச்சவரம்பு, 2023 ஒக்டோபரில் தொடக்கம் என்று அறிவித்தார். அதற்கென்று தேசியக் காப்புறுதியோடு சேர்த்த வரியை அவருக்கு அடுத்து வந்தவர்கள் எடுத்துவிட்டார்கள். உச்சவரம்பை 2025 க்கு ஒத்திவைத்தார்கள். 2024 ஜூலையில் புதிய தொழிற்கட்சி அரசின் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் அதை முற்றாக ரத்துச் செய்தார். இப்போது லூயிஸ் கேசி அம்மையார் தலைமையில் இன்னொரு ஆணைக்குழு. அதன் இறுதி அறிக்கை 2028 இல் வரும். அடுத்த பொதுத் தேர்தல் 2029 க்குள்.

இந்த வரிசையில் இரண்டு பெரிய கட்சிகளும் மாறி மாறி இருப்பதைக் கவனியுங்கள். ஒருவர் திட்டம் வைத்தால் மற்றவர் அதற்கு ஒரு பயங்கரப் பெயர் வைக்கிறார். திட்டம் வைத்தவருக்குத்தான் அடி விழுகிறது, வைக்காதவருக்கு எதுவும் நடப்பதில்லை.

எல்லையைத் தாண்டி ஸ்கொட்லாந்தில் என்ன நடந்தது? அதே 1999 அறிக்கையை அங்கே எடுத்துச் சட்டமாக்கினார்கள். 2002 ஜூலையிலிருந்து அங்கே 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உடற்பராமரிப்பு இலவசம். கேர் ஹோமில் தங்கும் செலவு இன்னும் இருக்கிறது, ஆள் பற்றாக்குறையும் காத்திருப்பும் அங்கேயும் உண்டு, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் குளிப்பாட்டுவதற்கும் உடுத்திவிடுவதற்கும் வீட்டை விற்கும் நிலை அங்கே இல்லை. ஏன் அங்கே முடிந்தது? வெஸ்ட்மின்ஸ்டரில் அப்போது பிளேயருக்கு 659 ஆசனங்களில் 418. யாருடைய தயவும் அவருக்குத் தேவையில்லை. எடின்பரோவில் விகிதாசாரம் கலந்த தேர்தல் முறை. தனிப் பெரும்பான்மை கிடைக்காமல், தொழிற்கட்சி லிபரல் டெமோகிரட் கட்சியோடு சேர்ந்துதான் ஆட்சி நடத்தியது. கூட்டாளி அழுத்தினார், எதிர்க்கட்சியும் விட்டுவைக்கவில்லை, காரியம் நடந்தது. பெரும் பலமுள்ள அரசு கைவிட்டதைக் கூட்டரசு செய்துகாட்டியது.

அதனால்தான் தேர்தல் முறையை மாற்றவேண்டும் என்கிறேன். 2024 ஜூலை 4 தேர்தலில் தொழிற்கட்சி எடுத்தது 33.7 வீத வாக்கு. கிடைத்தது 650 இல் 411 ஆசனம். ரிஃபோர்ம் கட்சிக்கு 14.3 வீத வாக்கு, 5 ஆசனம். அந்தக் கட்சி சொல்கிற பலவற்றை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஆனால் ஏழு பேரில் ஒருவர் கொடுத்த வாக்குக்கு 5 ஆசனம் என்பது நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது. இன்று அது அவர்களுக்குப் பாதகம். நாளை இதே முறை முப்பது வீதத்தோடு அவர்களுக்கு நாட்டையே கொடுக்கலாம்.

இது நமக்குப் புதிய பாடமா? 1977 இல் இலங்கையில் இதே பிரித்தானிய முறையில்தான் தேர்தல் நடந்தது. ஐக்கிய தேசியக் கட்சி ஏறத்தாழ பாதி வாக்குகளோடு 168 இல் 140 ஆசனங்களைப் பிடித்தது. அந்தப் பலத்தைக் கொண்டு ஜே. ஆர். ஜயவர்தன என்னென்ன செய்தார் என்பதை இந்த மண்டபத்தில் நான் விளக்க வேண்டியதில்லை. பிறகு அங்கே விகிதாசாரம் வந்தது; அதனால் நமக்கு நீதி கிடைத்துவிடவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். பெரும்பான்மை இனவாதத்தை எந்தத் தேர்தல் முறையும் தனியே தீர்க்காது. ஆனால் பாதி வாக்குக்கு ஆறில் ஐந்து பங்கு அதிகாரத்தைக் கொடுக்கும் முறை எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு நம்மைவிடச் சாட்சி வேறு யார்?

நம் அயலைப் பாருங்கள். ஈஸ்ட் ஹாமில் 1994 இலிருந்து ஒரே உறுப்பினர், கடந்த தேர்தலிலும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட வித்தியாசத்தில் வென்றார். அவர் நல்ல மனிதர், குறை சொல்லவில்லை. பஸ் ஏறிக் கொஞ்சத் தூரம் போனால் இல்ஃபர்ட் வடக்கு. அங்கே வெஸ் ஸ்ட்ரீற்றிங் 528 வாக்கு வித்தியாசத்தில் தப்பினார், அடுத்த நாளே சுகாதார, சமூகப் பராமரிப்பு அமைச்சரானார். ஹென்டனில் வித்தியாசம் 15 வாக்கு. ஒரு தெருவில் உங்கள் வாக்குக்கு ஆட்கள் கதவைத் தட்டிக் கெஞ்சுகிறார்கள், இன்னொரு தெருவில் துண்டுப்பிரசுரம்கூட வருவதில்லை. வாக்கின் நிறை அஞ்சல் குறியீட்டில் தங்கியிருக்கக் கூடாது. 2011 இல் முறையை மாற்றலாமா என்று ஒரு பொதுவாக்கெடுப்பு வைத்தார்கள். மக்கள் 68 வீதம் வேண்டாம் என்றார்கள். ஆனால் அன்று கேட்டது விகிதாசாரம் பற்றியே அல்ல, விருப்பு வரிசை எழுதும் முறை பற்றி. சரியான கேள்வியை இன்னும் கேட்கவில்லை.

கவுன்சில் வரிக்கு வருகிறேன். பராமரிப்புக்குக் காசு வருவது கணிசமாக இதிலிருந்துதான். இங்கிலாந்தில் உங்கள் வீடு எந்தப் பிரிவில் விழுகிறது என்பதை 1991 ஏப்ரல் விலையை வைத்துத்தான் இன்றும் தீர்மானிக்கிறார்கள். நேற்றுக் கட்டிய மாடிக் குடியிருப்புக்கும் 1991 இல் என்ன விலை போயிருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். வேல்ஸ் 2003 விலைக்கு மாற்றிக்கொண்டது. இங்கிலாந்தில் தொட்டால் சுடும் என்று எவரும் தொடவில்லை. 1990 இல் தலைவரி ட்ரஃபல்கார் சதுக்கத்தில் கலவரமாகி மார்கரெட் தட்சரின் பதவியோடு போனது அவர்கள் நினைவில் இருக்கிறது. விளைவு என்ன? வெஸ்ட்மின்ஸ்டரில் டி பிரிவு வீட்டுக்கு வருடம் ஏறத்தாழ ஆயிரம் பவுண். வடகிழக்கில் ஹார்ட்லிபூலில் அதே டி பிரிவுக்கு இரண்டாயிரத்துக்கும் மேல். வறுமையும் முதுமையும் கூடிய ஊர், அதனால் பராமரிப்புச் செலவும் கூடிய ஊர், அதிக வரி கட்டுகிறது. இருபது லட்சம் பவுணுக்கு மேற்பட்ட வீடுகளுக்கு 2028 இலிருந்து மேலதிக வரி என்று கடந்த நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் சொன்னார்கள். நல்லது, ஆனால் அந்தப் பணம் கவுன்சில்களுக்கு அல்ல, திறைசேரிக்குப் போகிறது. முழு மறுமதிப்பீடு வேண்டும். இலண்டனில் வீடுள்ள நம்மில் பலருக்கு அதனால் வரி கூடும். தெரிந்துதான் சொல்கிறேன்.

ஹார்ட்லிபூல் என்றதும் 2024 கோடை ஞாபகம் வருகிறது. சவுத்போர்ட்டில் மூன்று பெண் குழந்தைகளைக் கொன்ற கொடூரத்தை அடுத்து, கொலையாளி அகதி என்று பொய் பரப்பி, ஊர் ஊராகக் கலவரம் செய்தார்கள். ஹார்ட்லிபூலும் அதில் ஒன்று. ரொதரமில் அகதிகள் தங்கியிருந்த ஹோட்டலுக்குத் தீ வைக்கப் பார்த்தார்கள். ஆகஸ்ட் 7 அன்று இலண்டனிலும் நம் கடைக்காரர்கள் ஷட்டரை நேரத்தோடு இழுத்து மூடினார்கள். அன்று மாலை வோல்தம்ஸ்டோவில் ஆயிரக்கணக்கானோர் இனவாதத்துக்கு எதிராகத் தெருவில் நின்றார்கள். அந்த இரண்டையும் நான் மறக்கமாட்டேன். கல்லெறிந்தவனுக்கு வறுமை ஒரு சாட்டு அல்ல. ஆனால் ஒரு நகரத்தில் பல் டாக்டர் இல்லை, நூலகம் பூட்டு, அம்மாவுக்குக் கேரர் இல்லை என்ற நிலையைப் பல காலம் விட்டுவைத்தால், அதற்கு வெளிநாட்டான்தான் காரணம் என்று சொல்ல வருகிறவனுக்குக் கேட்க ஆள் கிடைக்கும்.

அந்த வெளிநாட்டான் செய்யும் வேலை என்ன? 2022 பெப்ரவரியில் கேரர்களுக்கு விசா கதவைத் திறந்தார்கள், ஏனென்றால் அந்தச் சம்பளத்துக்கு இங்கே ஆள் இல்லை. 2023 இல் மட்டும் சுகாதார, பராமரிப்பு வேலைக்கு ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோருக்கு விசா கொடுத்தார்கள். கேரளத்திலிருந்தும் சிம்பாப்வேயிலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் வந்தார்கள். முகவர்களுக்கு ஆயிரக்கணக்கில் கட்டிவிட்டு வந்து, சொன்ன வேலை இல்லாமல் நின்றவர்களும் உண்டு. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு மழையில் பஸ்ஸில் போகும் நேரத்துக்குப் பலருக்குச் சம்பளம் இல்லை. 2024 மார்ச்சில், குடும்பத்தைக் கூட்டிவராதே என்றார்கள். 2025 ஜூலையில் கதவையே மூடினார்கள். நவம்பரில் வைத்த முன்மொழிவின்படி, ஐந்து வருடத்தில் நிரந்தர வதிவிட உரிமை என்று நம்பி வந்த கேரர் பதினைந்து வருடம் காத்திருக்க வேண்டும், ஏற்கெனவே இங்கே இருப்பவரும் சேர்த்து. எத்தனை பேர் வரலாம் என்று தீர்மானிக்கும் உரிமை ஒரு நாட்டுக்கு உண்டு, எல்லையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வந்தவருக்குக் கொடுத்த வாக்கை நடுவில் மாற்றுவது அநியாயம். நாமும் ஒரு காலத்தில் ஹோம் ஒஃபிஸ் கடிதத்துக்காகக் கதவடியைப் பார்த்திருந்தவர்கள். "நாங்கள் வந்திட்டம், இனிப் பூட்டலாம்" என்ற கதையை நம் வீடுகளில் கேட்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

வேறு சில விடயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பதினாறு வயதில் வாக்கு: ஆதரிக்கிறேன், ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் தங்கள் தேர்தல்களில் ஏற்கெனவே கொடுத்திருக்கிறார்கள். வாக்குச் சாவடியில் படத்துடனான அடையாள அட்டை: முதியவரின் ஒய்ஸ்டர் பயண அட்டையை ஏற்று மாணவரின் ஒய்ஸ்டர் அட்டையை மறுப்பது சரியில்லை. இரண்டு பிள்ளைகளுக்கு மேல் உதவித்தொகை இல்லை என்ற 2017 விதியை வரும் ஏப்ரலில் நீக்குகிறார்கள், மிகவும் பிந்திச் செய்த நல்ல காரியம். இவற்றுக்கெல்லாம் வரி கூடினால் கட்டத் தயாரா என்றால், தயார்.

நம் ஆட்களிடம் ஒரு வேண்டுகோள். வேட்பாளர்கள் பொங்கலுக்கு வேட்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள், முள்ளிவாய்க்கால் நினைவு நாளான மே 18 இல் வந்து மலர் வைக்கிறார்கள். முள்ளிவாய்க்காலுக்கு நீதி கேட்பதை நாம் ஒருபோதும் விடக்கூடாது. ஸ்ரற்ஃபர்ட் அன்ட் போவில் உமா குமரன் தமிழ்ப் பெண்ணாகப் பாராளுமன்றம் போயிருப்பது நமக்கு உண்மையான பலம். ஆனால் அந்த ஒரு கேள்வியோடு நாம் நின்றுவிடுகிறோம் என்று வேட்பாளர்களுக்குத் தெரிந்துவிட்டது. மலர் வைத்துவிட்டுப் போகிறவரை மறித்து, "கேர் ஹோம் செலவு பற்றி உங்கள் நிலைப்பாடு என்ன?" என்று நம்மில் ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை. நமது பெற்றோர் எண்பதைத் தொட்டுவிட்டார்கள். மறதி நோய் வந்தவர்களில் பலருக்கு, பிற்காலத்தில் கற்ற ஆங்கிலம் முதலில் போய்விடுகிறது. தமிழ் பேசத் தெரிந்த கேரர், சோறு கறி கொடுக்கும் பராமரிப்பு நிலையம் எல்லாம் யார் ஏற்பாடு செய்வது? கவுன்சில்.

வரும் மே 7 ஆம் தேதி இலண்டன் கவுன்சில் தேர்தல். பராமரிப்பு விடயத்தில் ஒரு கவுன்சிலால் என்ன செய்துவிட முடியும் என்று நினைக்க வேண்டாம். ஹமர்ஸ்மித் அன்ட் ஃபுல்ஹம் கவுன்சில் 2015 இலிருந்து வீட்டுப் பராமரிப்புக்குக் கட்டணம் வாங்குவதில்லை. மற்றப் பல கவுன்சில்கள் ஏன் வாங்குகின்றன என்று கதவைத் தட்டுகிற ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். கேரருக்குப் பயண நேரச் சம்பளம் கொடுக்கும் ஏஜென்சியோடு மட்டும் ஒப்பந்தம் செய்வீர்களா என்று கேளுங்கள். பதிலை எழுதித் தரச் சொல்லுங்கள்.

பதிவு செய்யக் கடைசி நாள் ஏப்ரல் 20. சட்டப்படி இங்கே வசிக்கும் இலங்கை, இந்தியக் குடிமக்களுக்கு, பொதுநலவாய நாட்டவர் என்ற முறையில், பிரித்தானியக் கடவுச்சீட்டு இல்லாமலே வாக்குரிமை உண்டு. நேற்று வந்த மாணவருக்கும் உண்டு, கேரருக்கும் உண்டு. இது தெரியாதவர்கள் நம்மிடையே நிறையப் பேர். படத்துடனான அட்டை இல்லாதவருக்குக் கவுன்சில் இலவசமாக ஒன்று தரும்.

மறதி நோய் வந்தாலும் வாக்குரிமை போகாது. மனநிலையைக் காரணம் காட்டி வாக்கை மறுக்கும் பழைய விதியை 2006 ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கிவிட்டது. யாருக்கு என்பதை அவரே தீர்மானிக்க வேண்டும், பிள்ளைகள் அவருக்காக முடிவெடுக்க முடியாது, அவ்வளவுதான். கேர் ஹோமில் இருப்பவர் அந்த முகவரியிலிருந்தே பதியலாம், தபால் வாக்கும் கேட்கலாம். இந்த வார இறுதியில் அம்மாவைப் பார்க்கப் போகிறவர்கள் அவருடைய தேசியக் காப்புறுதி இலக்கத்தைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். விண்ணப்பப் படிவங்கள் வாசலில் மேசை மேல் இருக்கின்றன. நிரப்ப உதவி தேவையானவர்களுக்காக நான் கூட்டம் முடிந்த பிறகும் அங்கேயே இருப்பேன்.